முதல் பேஸை மிதிக்கவில்லை என்று அம்பயருக்கே தெரியும். ஏன் வாயைத் திறக்கவில்லை?

கரிசல்காட்டான் | சனி, இரவு 9.40

வணக்கம். வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாலஸ் பக்கம் குடியிருக்கிறோம். மகனுக்கு 12 வயது, எங்கள் பகுதி லீக்கில் பேஸ்பால் ஆடுகிறான், பந்து எறியும் பிட்சர். எனக்குத் தெரிந்தது கிரிக்கெட்தான். பேஸ்பால் எல்லாம் மூன்று வருடமாக வேலிக்கு வெளியே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பழகியது.

இன்று கடைசி இன்னிங்ஸ். நாங்கள் 5-4 என்று முன்னால் இருக்கிறோம், எதிரணியில் இரண்டு பேர் அவுட், மூன்றாவது விழுந்தால் முடிந்தது. அடுத்து வந்த பையன் வலது பக்க இடைவெளியில் பந்தைத் தட்டிவிட்டு ஓடினான். அடித்தவன் மூன்று பேஸ்களையும் வரிசையாக மிதித்து, அடித்த இடமான ஹோமுக்குத் திரும்பி வந்தால்தான் ரன். முதல் பேஸில் திரும்பும்போது அவன் கால் அந்தப் பேஸுக்கு உள்பக்கமாக நாலு விரல் தள்ளி மண்ணில் விழுந்தது. நான் உட்கார்ந்திருந்த இடம் அந்தக் கோட்டுக்கு நேர். ஷூ தடத்தைக்கூடப் பார்த்தேன். பையன் அப்படியே மூன்றாம் பேஸ் வரை போய் நின்றுவிட்டான்.

களத்துக்குள் நின்ற அம்பயர் அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் கோச் பெஞ்சிலிருந்து "முதல் பேஸை மிதிக்கவில்லை, முதல் பேஸை மிதிக்கவில்லை" என்று கத்தினார். அம்பயர் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. என் மகன் அடுத்த பந்தைப் போட்டான், அது அடிபட்டது, 5-5. அதற்கடுத்தது 6-5. தோற்றோம்.

வண்டி நிறுத்துமிடத்தில் அவர் தன் சாமானை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன். "மிதிக்கவில்லை, நானும் பார்த்தேன். உங்கள் பையன்கள் யாரும் கேட்கவில்லையே" என்றார். சிரிக்கக்கூட இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்ல ஒருவர் கேட்க வேண்டுமா? அப்புறம் அவர் எதற்கு அங்கே நிற்கிறார்?

மூன்றாம் ஸ்லிப் | சனி, இரவு 10.05

அண்ணே, கோபம் புரிகிறது. ஆனால் நம் கிரிக்கெட்டிலும் அப்படித்தானே? பந்து மட்டையின் விளிம்பில் பட்டு கீப்பர் கைக்குப் போனதை அம்பயர் பார்த்திருந்தாலும், யாரும் "ஹவ் இஸ் தட்" கேட்காவிட்டால் விரல் எழாது. விதி 31 அதைத்தான் சொல்கிறது. அதற்கும் கெடு உண்டு: அடுத்த பந்துக்கு பவுலர் ஓட ஆரம்பிப்பதற்கு முன் கேட்டுவிட வேண்டும். உங்கள் மகன் அடுத்த பந்தைப் போட்டதும் கதை முடிந்தது என்று நினைக்கிறேன்.

கரிசல்காட்டான் | சனி, இரவு 10.12

தம்பி, அது அவுட்டுக்கு. ஓட்டத்துக்கு அப்படி இல்லையே? மட்டையைக் கோட்டுக்குள் வைக்காமல் திரும்பினால் அம்பயர் தானே தோளைத் தொட்டு ஷார்ட் ரன் என்று காட்டுகிறார். யாரும் கேட்பதில்லை. 2020 ஐ.பி.எல்.லில் துபாயில் டெல்லிக்கும் பஞ்சாபுக்கும் நடந்த ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? ஜோர்டான் சரியாக வைத்த மட்டையைப் போய் ஷார்ட் ரன் என்று சொல்லி, ஆட்டம் சமனாகி, சூப்பர் ஓவரில் பஞ்சாப் தோற்றது. தப்பாகச் சொன்னாலும் அவராகச் சொன்னார். பேஸை மிதிக்காதது அவுட் சமாச்சாரமா, ஷார்ட் ரன் சமாச்சாரமா?

மூன்றாம் ஸ்லிப் | சனி, இரவு 10.15

நல்ல கேள்வி. எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வரட்டும்.

வார இறுதி அம்பயர் | சனி, இரவு 11.30

தெரிந்தவன் வந்துவிட்டேன். ஒஹாயோவில் எட்டு வருடமாகச் சனி, ஞாயிறுகளில் பள்ளிப் பையன்கள் ஆட்டங்களுக்கு நிற்கிறேன். மாப்பிள்ளை வீட்டுச் சண்டைக்குப் பஞ்சாயத்து பண்ணுவது போன்ற வேலை. இரண்டு பக்கமும் திட்டுவார்கள்.

கரிசல் அண்ணே, அந்த அம்பயர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. கேட்கக் கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

பேஸ்பாலில் இரண்டு வகை அவுட் உண்டு. ஒன்றை அம்பயர் தானாகவே சொல்வார்: ஸ்டிரைக் மூன்று, பந்தைப் பிடித்தது, ஓடுபவனை, அதாவது ரன்னரை, பந்தோடு தொட்டது, முன்னால் போகும் ரன்னரைப் பின்னால் வருபவன் தாண்டியது. இன்னொன்று கேட்டால்தான் வரும். பேஸை மிதிக்காமல் போனது, கேட்ச் பிடிக்கும் முன்பே பேஸை விட்டுக் கிளம்பியது இரண்டும் அந்த வகை. பந்து தடுக்கும் அணி கேட்கும்வரை அந்த ரன்னர் சட்டப்படி நல்லவன். கேட்கவே இல்லையென்றால் கடைசி வரைக்கும் நல்லவன்தான்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் அடித்துச் சொல்வது இதைத்தான்: பார், வைத்துக்கொள், முகத்தில் காட்டாதே. இரண்டு அம்பயர் இருக்கும் ஆட்டத்தில் பந்து வெளிக்களத்துக்குப் போனால் களத்து அம்பயர் உள்ளே ஓடிவந்து, திரும்பி, பேட்டரின் கால் முதல் பேஸில் படுகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லோரும் பந்தைப் பார்க்கும் நேரத்தில் நாம் ஷூவைப் பார்க்கிறோம். படவில்லை என்றால் பேஸைத் திரும்பிப் பார்க்கக்கூடாது, புருவம் உயரக்கூடாது, சக அம்பயரை ஒரு மாதிரி பார்க்கக்கூடாது. நான் அப்படி ஒருமுறை அனிச்சையாகப் பேஸைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். முதல் பேஸ் பையன் கெட்டிக்காரன். என் முகத்தைப் பார்த்தே "பந்தைக் கொடு" என்றான். ஆட்டம் முடிந்ததும் மூத்த அம்பயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு வாங்கு வாங்கு என்று வாங்கினார். காட்டிக்கொடுத்தது நான்தான், அது ஒரு அணிக்கு உதவி செய்ததாக ஆகிவிட்டது.

உங்கள் கோச் கத்தியதற்கு வருகிறேன். தொழில்முறை ஆட்டத்தின் விதிப்புத்தகப்படி பெஞ்சிலிருந்து வரும் குரல் அப்பீல் ஆகாது. களத்தில் இருக்கும் ஆட்டக்காரன், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆட்டம் உயிரோடு இருக்கும்போது, பேஸையோ ரன்னரையோ தொட்டு, இது அப்பீல் என்று சந்தேகமில்லாமல் தெரியும்படி செய்ய வேண்டும். பந்தோடு நடந்து போகும்போது தற்செயலாகப் பேஸில் கால் பட்டால் அது கணக்கில்லை.

ஆனால் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதிகள் வேறு. அங்கே ஆட்டம் நின்றிருக்கும்போது கோச்சோ எந்த ஆட்டக்காரனோ வாயால் சொன்னாலே போதும், பந்துகூடத் தேவையில்லை. ஒரு காலத்தில் அந்த விதிகளில் யாரும் கேட்காமல் அம்பயரே அவுட் கொடுத்துவிடும் பழக்கமும் இருந்தது, பிறகு மாற்றினார்கள். அதனால் உங்கள் லீக் எந்தப் புத்தகத்தில் ஆடுகிறது என்று முதலில் பாருங்கள்.

சும்மா_வந்தவன் | ஞாயிறு, காலை 7.20

படித்துவிட்டு எரிச்சல் கூடிவிட்டது. அப்படியென்றால் ஒருவன் முதல் பேஸிலிருந்து நேரே பிட்சர் மேட்டின் வழியாகக் குறுக்கே ஓடி மூன்றாம் பேஸுக்குப் போனாலும் அம்பயர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாரா?

வார இறுதி அம்பயர் | ஞாயிறு, காலை 8.02

நிற்பார். இரண்டாம் பேஸை மிதிக்கவில்லை என்று யாராவது கேட்க வேண்டும். இவ்வளவு அப்பட்டமாகச் செய்தால் எதிரணியின் பால்காரர் வரை கேட்டுவிடுவார், கவலைப்படாதீர்கள். ஆட்டத்தைக் கேலிக்கூத்தாக்க அல்லது எதிரணியைக் குழப்ப ஒருவன் பேஸ்களைத் தலைகீழாக ஓடினால் மட்டும் அம்பயர் தானே அவுட் கொடுப்பார். அதற்கென்று தனி விதி உண்டு.

சும்மா_வந்தவன் | ஞாயிறு, காலை 8.10

அம்பயர் ஒரு நீதிபதி. கொலையைக் கண்ணால் பார்த்த நீதிபதி, யாரும் வழக்குப் போடவில்லை என்று சும்மா இருப்பாரா?

பழைய ஸ்கோர்புக் | ஞாயிறு, காலை 9.45

கொலைக்கு அரசாங்கமே வழக்குப் போடும். இது பக்கத்து வீட்டுக்காரன் உங்கள் வேலியை அரை அடி தள்ளிப் போட்டது மாதிரி. நீங்கள் நீதிமன்றத்துக்குப் போகாவிட்டால் எந்த நீதிபதியும் அளவு நாடாவோடு வரமாட்டார்.

சரி, இந்த விஷயத்தில் மிகப் பிரபலமான கதை ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். 1908 செப்டம்பர் 23, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ். ஜயன்ட்ஸும் சிகாகோ கப்ஸும். 1-1, ஒன்பதாம் இன்னிங்ஸ், இரண்டு அவுட். மூன்றாம் பேஸில் மக்கார்மிக், முதல் பேஸில் 19 வயது ஃப்ரெட் மெர்க்கிள். பிரிட்வெல் அடித்தார், மக்கார்மிக் ஹோமுக்கு வந்தார். ஜெயித்தாயிற்று என்று கூட்டம் களத்துக்குள் இறங்கியது. மெர்க்கிளும் அந்தக் காலத்து வழக்கப்படி இரண்டாம் பேஸைத் தொடாமல் ஓய்வறைப் பக்கம் திரும்பிவிட்டார். கப்ஸின் ஜானி எவர்ஸ் ஒரு பந்தை வாங்கி இரண்டாம் பேஸை மிதித்து அப்பீல் கேட்டார். அம்பயர் ஹேங்க் ஓ'டே அவுட் கொடுத்தார். ரன் செல்லாது, ஆட்டம் சமன். அக்டோபர் 8 அன்று திரும்ப ஆடினார்கள், கப்ஸ் 4-2 என்று ஜெயித்து, ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் லீக்கையே எடுத்துக்கொண்டது. மெர்க்கிளுக்கு "மரமண்டை" என்ற பட்டம் சாகும்வரை போகவில்லை. பாவம், பையன்.

வார இறுதி அம்பயர் | ஞாயிறு, காலை 10.20

ஸ்கோர்புக் சார், கதை அருமை. ஒரே ஒரு திருத்தம். அது அப்பீல் அவுட் இல்லை, ஃபோர்ஸ் அவுட். மெர்க்கிள் இரண்டாம் பேஸை மிதிக்காமல் தாண்டிப் போகவில்லை. அங்கே போய்ச் சேரவே இல்லை. பின்னால் பேட்டர் ஓடி வருவதால் அவர் இரண்டாம் பேஸுக்குப் போயே ஆக வேண்டும். போகும் முன் பந்து அங்கே வந்துவிட்டால் அவுட், சாதாரணமாக நாம் தினமும் பார்ப்பதுதான். தாண்டிப் போனவனுக்குத்தான் அப்பீல்.

பழைய ஸ்கோர்புக் | ஞாயிறு, காலை 10.51

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்கும். அதே மாதம் 4-ஆம் தேதி பிட்ஸ்பர்கில் இதே எவர்ஸ் இதே மாதிரி கேட்டார். பைரேட்ஸ் அணியின் வாரன் கில் இரண்டாம் பேஸைத் தொடாமல் போய்விட்டார். அன்றைக்கும் இதே ஓ'டேதான், அதுவும் தனி ஆளாக நின்றார். "நான் பார்க்கவில்லை, அதனால் கொடுக்க முடியாது" என்ற நிலையில் ரன் நின்றது. கப்ஸ் முறையிட்டது, தள்ளுபடி. 19 நாள் கழித்து நியூயார்க்கில் ஓ'டே இரண்டாம் பேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வார இறுதி அம்பயர் | ஞாயிறு, காலை 11.04

அட! இதுதான் எங்கள் தொழிலின் மொத்தக் கதையும். கேட்டாலும், பார்க்காததைக் கொடுக்கக்கூடாது. அப்பீல் வந்து, நான் அந்தக் காலைப் பார்த்திருக்கவில்லை என்றால், கூட நிற்கும் அம்பயரிடம் கேட்பேன். அவரும் பார்க்கவில்லையென்றால் சேஃப். எதிரணி முகத்தைப் பார்த்து, கூட்டத்தின் சத்தத்தைப் பார்த்து ஊகித்துக் கொடுப்பது மகா பாவம்.

குயின்ஸ் மருமகள் | ஞாயிறு, மதியம் 1.15

நியூயார்க் மெட்ஸ் அணியின் பெயரை யாரும் எடுக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி வந்த வீட்டில் மாமனாருக்கு மெட்ஸ் என்றால் உயிர். இட்லிக்குச் சட்னி இல்லாவிட்டால்கூடச் சும்மா இருப்பார், டி.வி.யை மாற்றினால் தொலைந்தேன். அவரிடம் கேட்டுக் கேட்டே எனக்கும் எல்லாம் பாடமாகிவிட்டது.

1962-இல் மெட்ஸுக்கு அதுதான் முதல் வருடம், 120 தோல்வி. ஜூன் 17 அன்று கப்ஸுக்கு எதிராக மார்வ் த்ரோன்பெர்ரி பந்தை அடித்துவிட்டு மூன்றாம் பேஸ் வரை மூச்சிரைக்க ஓடிப் போய் நின்றார். கப்ஸ் பந்தை முதல் பேஸுக்கு அனுப்பி அப்பீல் கேட்டது. அவுட்! மேனேஜர் கேஸி ஸ்டெங்கல் சண்டைக்குக் கிளம்பினார். "போகாதீங்க, இரண்டாம் பேஸையும் அவன் மிதிக்கவில்லை" என்று அவரை நிறுத்தியதாகச் சொல்வார்கள். சொன்னது யார் என்பதில் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். மாமனார் இதைச் சொல்லும்போது இரண்டாம் பேஸ் வருவதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்.

இதில் கவனியுங்கள்: இரண்டாம் பேஸையும் மிதிக்கவில்லை என்பது உண்மையென்றால், அதை எந்த அம்பயரும் தானாக அவுட் என்று சொல்லவில்லை. முதல் பேஸைக் கேட்டார்கள், அதற்கு மட்டும் பதில்.

கரிசல்காட்டான் | ஞாயிறு, மாலை 4.30

எல்லோருக்கும் நன்றி. லீக் கையேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். தொழில்முறை விதிப்புத்தகத்தைத்தான் சில்லறை மாற்றங்களோடு வைத்திருக்கிறார்கள், அப்பீல் பகுதியில் மாற்றம் ஒன்றும் இல்லை. ஆக எங்கள் கோச் கத்தியது வீண். அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்த அம்பயரை மனதுக்குள் திட்டியதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

அண்ணே, என் மகன் சரியாக என்ன செய்திருக்க வேண்டும்? படிப்படியாகச் சொல்லுங்கள், அவனை உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும்.

வார இறுதி அம்பயர் | ஞாயிறு, இரவு 8.40

ரன்னர் மூன்றாம் பேஸில் நின்றதும், பந்து இன்னும் உயிரோடு இருந்தால், யாராவது பந்தை முதல் பேஸுக்கு எறிந்து, அங்கே நிற்பவன் பேஸை மிதித்து "அந்தப் பையன் இதை மிதிக்கவில்லை" என்றாலே முடிந்தது. இதுதான் சுலபம்.

நடுவில் அம்பயர் ஆட்டத்தை நிறுத்தி டைம் கொடுத்துவிட்டால் பந்து செத்துவிடும். செத்த பந்தோடு முதல் பேஸில் போய்க் குதித்தாலும் அம்பயர் திரும்பமாட்டார். பிட்சர் பந்தோடு மேட்டில் பதித்திருக்கும் பலகையின் மேல் ஏறி நிற்க வேண்டும். அம்பயர் "பிளே" என்பார். இப்போது பந்துக்கு உயிர் வந்தது. பிட்சர் பலகையிலிருந்து பின்னால் காலை எடுத்து இறங்கி, முதல் பேஸுக்கு எறிய வேண்டும். அவசரப்பட்டுப் பலகையில் நின்றபடியே ஏடாகூடமாகச் செய்து பாக் (பிட்சர் செய்யும் விதிமீறல்) ஆகிவிட்டால் அப்பீல் போச்சு. முதலில் வேறொரு ரன்னரை அவுட் ஆக்கப் பார்த்தாலும் போச்சு, ஏனென்றால் அடுத்த பந்துக்கோ அடுத்த ஆட்ட முயற்சிக்கோ முன்னால் கேட்க வேண்டும் என்பது கெடு. அப்பீல் கேட்பது மட்டும் ஆட்ட முயற்சியாகக் கணக்கில்லை. அதனால் ஒரே ஓட்டத்தில் முதல் பேஸைக் கேட்டு, கிடைக்காமல், இரண்டாம் பேஸையும் கேட்கலாம். ஒரே ரன்னரை ஒரே பேஸில் இரண்டாம் தடவை மட்டும் கேட்க முடியாது.

ஒரே பேஸை இரண்டு ரன்னர்கள் தாண்டியிருந்தால் எவன் என்று சொல்ல வேண்டும். நான் "எந்த ரன்னர்?" என்று கேட்பேன். "யாராவது ஒருத்தன்" என்று ஒரு பையன் பதில் சொன்னான். இல்லை கண்ணா.

இன்னும் ஒன்று. கடைசி அவுட் விழுந்த ஓட்டத்திலேயே இப்படி நடந்தால், பிட்சரும் உள்களத்துக்காரர்களும் களத்தை விட்டுப் போவதற்குள் கேட்டுவிட வேண்டும்.

மூன்றாம் ஸ்லிப் | ஞாயிறு, இரவு 9.03

கடைசி அவுட் விழுந்த பிறகு எதற்கு இன்னொரு அவுட்டைக் கேட்க வேண்டும்? மூன்றுதானே?

வார இறுதி அம்பயர் | ஞாயிறு, இரவு 9.35

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நான்காவது அவுட் என்று ஒன்று உண்டு.

இரண்டு அவுட், இரண்டாம், மூன்றாம் பேஸ்களில் ஆள். பேட்டர் அடிக்கிறான். மூன்றாம் பேஸ்காரன் ஹோமுக்கு வந்து ரன் எடுத்துவிட்டான். இரண்டாம் பேஸ்காரனும் ஹோமுக்கு ஓடி வந்து, அங்கே நிற்கும் கேட்சரிடம் மாட்டினான், மூன்றாவது அவுட். ஒரு ரன் கணக்கில் ஏறும். ஆனால் பேட்டர் முதல் பேஸை மிதிக்கவில்லை. இப்போது தடுக்கும் அணி புத்திசாலியாக இருந்தால் பந்தை முதல் பேஸுக்கு அனுப்பிக் கேட்கும். அம்பயர் அதையும் அவுட் கொடுத்தால், அதையே மூன்றாவது அவுட்டாக எடுத்துக்கொள்வார்கள். பேட்டர் முதல் பேஸைச் சேராமல் மூன்றாவது அவுட் ஆனால் எந்த ரன்னும் செல்லாது. ஏறிய ரன் இறங்கிவிடும்.

கேட்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தொழில்முறை ஆட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. 2009 ஏப்ரல் 12, அரிசோனாவுக்கும் டாட்ஜர்ஸுக்கும் ஆட்டம். ஒரு அவுட். மூன்றாம் பேஸில் ஈத்தியர், இரண்டாம் பேஸில் பியர். பேட்டர் வுல்ஃப் அடித்த பந்து நேராகப் பிட்சர் ஹேரன் கையில். இரண்டு அவுட். இரண்டு ரன்னரும் ஓடிவிட்டார்கள். ஹேரன் இரண்டாம் பேஸ் பக்கம் எறிய, லோபஸ் அங்கே பேஸை மிதிக்காமல் பியரைத் தொட்டு அவுட் ஆக்கினார், மூன்றாவது. அந்தக் கண நேரத்துக்குள் ஈத்தியர் ஹோம் பிளேட்டைத் தாண்டிவிட்டார். அவர் மூன்றாம் பேஸுக்குத் திரும்பிப் போகாமல் ஓடியது தப்பு. ஆனால் அது அப்பீல் சமாச்சாரம். அரிசோனா சந்தோஷமாகக் களத்தை விட்டுப் போய்விட்டது. கேட்க ஆளில்லை. டாட்ஜர்ஸ் பெஞ்சில் விதி தெரிந்த ஒரு கோச் எழுந்து வந்து சொன்னார், ரன் கணக்கில் ஏறியது.

ஜப்பானில் பள்ளிப் பையன்கள் ஆடும் கோஷியென் போட்டியில் 2012-இல் செய்செய்கோ பள்ளி இதைத் தெரிந்தே செய்து ரன் எடுத்தது. பதினேழு வயசுப் பையன்கள்!

சும்மா_வந்தவன் | ஞாயிறு, இரவு 9.50

தெரிந்தே தப்பு செய்து, மாட்டாமல் ரன் வாங்குவது திறமையா? எனக்கு என்னவோ ஒப்பவில்லை.

குயின்ஸ் மருமகள் | ஞாயிறு, இரவு 10.18

எனக்கு ஒப்புகிறது, காரணம் சொல்கிறேன். அம்பயர் தானாகவே சொல்ல ஆரம்பித்தால், களத்தில் நிற்கும் ஒன்பது பேரும் பந்தை மட்டும் பார்த்தால் போதும். இப்போது யாராவது ஒருவர் காலையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 1951 அக்டோபர் 3, ஜயன்ட்ஸின் பாபி தாம்சன் டாட்ஜர்ஸைத் தோற்கடித்த அந்தப் புகழ்பெற்ற ஹோம் ரன்னை அடித்துவிட்டு ஓடியபோது, டாட்ஜர்ஸ்காரர்கள் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். ஜாக்கி ராபின்சன் மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தாம்சன் ஒவ்வொரு பேஸையும் மிதிக்கிறாரா என்று கடைசி வரை பார்த்துக்கொண்டு நின்றார். தோற்ற பிறகும்! அந்த ஆளைப் பிடிக்காமல் இருக்குமா?

மூன்றாம் ஸ்லிப் | ஞாயிறு, இரவு 10.31

ஹோம் ரன் அடித்தால்கூட மிதித்தே ஆக வேண்டுமா? பந்துதான் வெளியே போய்விட்டதே. நம்ம ஊரில் சிக்ஸர் அடித்தவன் ஓடுவதே இல்லை.

பழைய ஸ்கோர்புக் | திங்கள், காலை 6.55

மிதித்தே ஆக வேண்டும். 1998 செப்டம்பர் 8, மார்க் மக்வையர் அந்த சீசனின் 62-ஆவது ஹோம் ரன் அடித்து 37 வருடச் சாதனையை உடைத்த இரவு. சந்தோஷத்தில் முதல் பேஸ் கோச்சைக் கட்டிக்கொண்டு குதித்ததில் முதல் பேஸையே மிதிக்காமல் தாண்டிவிட்டார். அந்தக் கோச்தான் அவரைத் திருப்பி அனுப்பி மிதிக்க வைத்தார். அனுப்பாமல் இருந்து, கப்ஸ் கேட்டிருந்தால்? நாடே எழுந்து நிற்கும் நேரத்தில் ஒரு அம்பயர் அவுட் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். அவருக்காகப் பயந்துதான் இதை எழுதுகிறேன்.

2021 ஜூனில் பிட்ஸ்பர்கில் கொடுத்தேவிட்டார்கள். பைரேட்ஸின் கெப்ரையன் ஹேய்ஸ் முதல் இன்னிங்ஸில் வலது கோட்டோரமாக ஹோம் ரன் அடித்தார். பந்து எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே ஓடியதில் முதல் பேஸ் தப்பிப்போனது. டாட்ஜர்ஸ் கேட்டது, ரீப்ளே பார்த்தார்கள், ஹோம் ரன் அழிந்து அவுட். ரீப்ளே 2014-இலிருந்து விரிவாக வந்துவிட்டது என்றாலும், பேஸை மிதித்தாரா என்பதற்கு முதலில் அப்பீல் கேட்டிருக்க வேண்டும். காமிராவும் தானாகச் சொல்லாது.

வார இறுதி அம்பயர் | திங்கள், காலை 7.40

கூடவே கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு அவுட், மூன்று பேஸும் நிறைந்திருக்கிறது, பேட்டர் ஹோம் ரன். அவன் முதல் பேஸை மிதிக்கவில்லை என்று அப்பீலில் அவுட் ஆனால் ஒரு ரன்கூடக் கிடையாது, நாலும் போச்சு. முதல் பேஸை மிதித்து இரண்டாம் பேஸை மட்டும் விட்டிருந்தால், அவனுக்கு முன்னால் வந்த மூன்று பேரின் ரன்னும் நிற்கும், அவன் ரன் மட்டும் போகும். அதே ஓட்டத்தில், முதல் பேஸிலிருந்து கிளம்பியவன் இரண்டாம் பேஸை விட்டிருந்தால் மறுபடி எல்லாம் போச்சு, ஏனென்றால் அவன் அங்கே போயே தீர வேண்டிய ஆள், அது ஃபோர்ஸ் கணக்கு. ஒரே ஹோம் ரன், எவன் கால் எந்தப் பேஸில் தப்பியது என்பதைப் பொறுத்து நாலு, மூன்று, சைபர். ஸ்கோர் எழுதுகிறவர் பென்சிலை வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

குயின்ஸ் மருமகள் | திங்கள், மதியம் 12.40

1999-இல் மெட்ஸின் ராபின் வென்ச்சுரா 15-ஆவது இன்னிங்ஸில் அடித்த கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸும் நிறைந்திருக்கும்போது அடிக்கும் ஹோம் ரன்), சக ஆட்டக்காரர்கள் வழியிலேயே அள்ளிக்கொண்டதால் இரண்டாம் பேஸுக்கே போகாமல் வெறும் சிங்கிளாக, அதாவது ஒரு பேஸ் அடியாக எழுதப்பட்டது. மாமனார் இதைச் சொல்லாமல் விட்டேன் என்றால் கோபித்துக்கொள்வார், அதனால் எழுதினேன்.

என் சந்தேகம் வேறு. ஹோம் பிளேட்டில் ரன்னர் சறுக்கி வருகிறார், பிளேட்டைத் தொடவில்லை, கேட்சரும் அவரைத் தொடவில்லை. அப்போது அம்பயர் என்ன காட்டுவார்?

வார இறுதி அம்பயர் | திங்கள், மாலை 6.10

ஒன்றும் காட்டமாட்டார். கை தொடையோடு ஒட்டியிருக்கும். உலகத்திலேயே கஷ்டமான சும்மா இருப்பது அதுதான். ஐம்பது பேர் "என்ன, என்ன" என்று கத்துவார்கள். நல்ல கேட்சருக்கு அந்த மௌனமே தகவல், பாய்ந்து போய் ரன்னரைத் தொட்டுவிடுவான். ரன்னர் திரும்பி வந்து பிளேட்டைத் தொட முயன்றுகொண்டிருந்தால் அவனைத்தான் தொட வேண்டும், பிளேட்டை மிதித்துக் கேட்டால் போதாது. அவன் கவலையில்லாமல் பெஞ்சுக்கு நடந்துவிட்டால் துரத்த வேண்டாம். பிளேட்டை மிதித்து அப்பீல் கேட்டாலே அவுட்.

முதல் பேஸில் கொஞ்சம் வேறு. பேட்டர் பந்துக்கு முன்னால் பேஸைத் தாண்டிவிட்டான், ஆனால் மிதிக்கவில்லை. அங்கே நாங்கள் சேஃப் என்று காட்டுவோம். தாண்டியதால் சேர்ந்ததாகவே கணக்கு. பிறகு கேட்டால் அதே வாயால் அவுட். பெற்றோர்கள் இதற்காக எங்களைத் திட்டாத சனிக்கிழமையே கிடையாது.

2007 அக்டோபர் 1, கொலராடோவில் ராக்கீஸ், பாட்ரேஸ் ஆட்டம், 13-ஆவது இன்னிங்ஸ். மேட் ஹாலிடே தலைகுப்புறச் சறுக்கி வந்தார். கேட்சர் பாரெட்டின் கால் பிளேட்டை மறைத்தது, பந்து கையிலிருந்து நழுவியது. ஹாலிடே தாடையில் ரத்தத்தோடு மண்ணில் கிடந்தார். அம்பயர் டிம் மக்லெலண்ட் கொஞ்ச நேரம் ஒன்றும் காட்டவில்லை, அப்புறம் சேஃப். 9-8. பிளேட்டைத் தொட்டாரா இல்லையா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். அப்போது இதற்கெல்லாம் ரீப்ளே கிடையாது. தொடவில்லை என்று அவர் நினைத்திருந்தால் அந்தக் கை எழுந்தே இருக்காது. படத்தைப் பார்த்து எனக்கு ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை, பார்த்தவர் அவர்தான்.

சும்மா_வந்தவன் | திங்கள், இரவு 8.25

கூட்டம் களத்தில் இறங்கிப் பேஸுக்கே போகவிடாமல் செய்தால்? அதையும் அப்பீல் கேட்டு அவுட் ஆக்குவீர்களா? உங்களைச் சொல்ல முடியாது.

பழைய ஸ்கோர்புக் | திங்கள், இரவு 9.10

ஆக்கமாட்டார்கள். 1976 அக்டோபர் 14, யாங்கி ஸ்டேடியம். கிறிஸ் சாம்ப்ளிஸ் ஹோம் ரன் அடித்து யாங்கீஸை உலகத் தொடருக்கு அனுப்பினார். கூட்டம் தேன்கூடு மாதிரி மொய்த்ததில் ஆள் ஓய்வறைக்குத் தப்பி ஓடிவிட்டார். பிறகு போலீஸ் துணையோடு ஹோம் பிளேட்டைத் தொடத் திரும்பி வந்தால் பிளேட்டையே யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இருந்த இடத்தைத் தொட்டுவிட்டுப் போனார். ஜெயிக்கும் ரன்னை எடுக்கவிடாமல் கூட்டம் தடுத்தால் அம்பயரே அந்த ரன்னைக் கொடுத்துவிடலாம் என்று இப்போது விதிப்புத்தகத்தில் இருக்கிறது.

கரிசல்காட்டான் | அடுத்த சனி, இரவு 8.50

இன்றைய கதையைச் சொல்ல வந்தேன்.

வாரம் முழுக்க வீட்டு வாசலில் அப்பீல் பயிற்சி. செருப்புதான் பேஸ், நான்தான் முதல் பேஸ்காரன், அவன் அம்மா அம்பயர். பலகையிலிருந்து பின்னால் கால், இறங்கு, எறி, சொல். அவள் ஒருமுறைகூட முகத்தில் காட்டவில்லை. வார இறுதி அம்பயர் அண்ணனுக்கு நல்ல போட்டி.

இன்று நான்காம் இன்னிங்ஸில் எதிரணிப் பையன் ஒருவன் முதல் பேஸைத் துல்லியமாகத் தாண்டி, மிதிக்காமல், இரண்டாம் பேஸில் போய் நின்றான். என் மகன் பார்த்துவிட்டான், நானும் பார்த்தேன். டைம் ஆகிவிட்டது. மகன் பந்தை வாங்கி மேட்டில் ஏறினான். அதே அம்பயர்தான். "பிளே" என்றார். மகன் அழகாகப் பின்னால் இறங்கினான். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எறிந்தான். முதல் பேஸ் பையன் எகிறிப் பார்த்தான். பந்து அவன் தலைக்கு மேலே, வேலிக்கும் மேலே போய், என் நாற்காலியைத் தாண்டி, வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு நீல வேனுக்கு அடியில் போய் நின்றது.

அம்பயர் இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு பேஸ். இரண்டாம் பேஸில் நின்ற அந்தப் பையன் ஹோமுக்கு நடந்தே வந்தான். மகன் புதுப் பந்து வாங்கி மறுபடி முதல் பேஸுக்கு எறியப் போனபோது அம்பயர் தலையை ஆட்டினார். ஒரு ரன்னர், ஒரு பேஸ், ஒரு தடவைதான். பந்தை வெளியே எறிந்தால் அந்தத் தடவை தீர்ந்தது.

வார இறுதி அம்பயர் | அடுத்த சனி, இரவு 9.02

அண்ணே, அதுவும் சரியான தீர்ப்புதான்.

கரிசல்காட்டான் | அடுத்த சனி, இரவு 9.04

தெரியும். வேனுக்கு அடியில் படுத்துப் பந்தை எடுத்துக் கொடுத்தது நான்தான்.